பங்காளிகள் இருவர், ஈரல் ஒன்று: கேள்வி–பதில்

கே: குடிக்கிறவங்களுக்குத்தானே ஈரல்ல கேன்சர் வரும்? என் மாமா ஒரு சொட்டுகூடத் தொடாதவர். அவருக்கு எப்படி வந்தது?
– வாசகி, தாராபுரம்

சொட்டைத் தொடாதவரை வைரஸ் தொட்டிருக்கலாம். 2015-ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமைக் கணக்கைப் பாருங்கள். ஈரல் புற்றால் இறந்தவர்களில் 33 சதவீதம் ஹெபடைட்டிஸ்-பி வைரஸின் கணக்கில் வருகிறார்கள். 30 சதவீதம் மது. 21 சதவீதம் ஹெபடைட்டிஸ்-சி. அதாவது வைரஸ் கொன்றது, பாட்டில் கொன்றதைவிட அதிகம்.

மருத்துவமனையில் மாமாவைப் பார்க்க வருகிறவர் யாராவது ‘ரகசியமாக் குடிச்சிருப்பார்’ என்று காதைக் கடித்தால், இந்தக் கணக்கை வார்டே கேட்கும்படி சொல்லுங்கள். மாமாவுக்கு இருப்பது பி என்றால் அவர் கூடப்பிறந்தவர்கள், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறை ரத்தம் பார்த்துவிட வேண்டும். நலம் விசாரிப்பதைவிட அது அவசரம்.

கே: ஏ, பி, சி, டி, இ என்று அஞ்சு ஹெபடைட்டிஸ். இதில் புற்றுநோய் தருவது எது?
– பிளஸ் டூ மாணவி, அரியலூர்

ஏ-யும் இ-யும் அசுத்தத் தண்ணீரிலும் உணவிலும் வரும். கண் மஞ்சளாகும், வாந்தி வரும், ஊருக்கே தெரியும். பெரும்பாலும் சில வாரத்தில் போய்விடும். (கர்ப்பிணிகளுக்கு மட்டும் இ பொல்லாதது, அவர்களை உடனே டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும்.)

பி-யும் சி-யும் ரத்த வழி வருபவை. வந்ததும் தெரியாது, வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பதும் தெரியாது. புற்றுநோய் இவர்கள் கைங்கரியம். டி தனியாகப் பெருகத் தெரியாதது. பி இருக்கிற உடம்பில்தான் அதற்குப் பிழைப்பு. இரண்டும் சேர்ந்தால் ஈரல் கெடும் வேகம் கூடும்.

மொத்தத்தில், சத்தம் போடுகிறவனால் சேதம் குறைவு.

கே: பி-க்கும் சி-க்கும் வேலை செய்யும் பாணியில் என்ன வித்தியாசம்?
– அதே மாணவி

இரண்டாவது கேள்வியிலேயே டாக்டர் சீட் வாங்கிவிடுவீர்கள் போலிருக்கிறது. பி, டி.என்.ஏ. வைரஸ். தன் மரபணுத் துண்டை நம் ஈரல் செல்லின் மரபணுவுக்குள்ளேயே செருகும். அதனால் ஈரல் சுருங்கிப்போகாத நிலையிலும் புற்று முளைக்க வழி உண்டு. சி, ஆர்.என்.ஏ. வைரஸ். நம் மரபணுவில் கை வைக்காது. இருபது முப்பது வருடம் அழற்சி, தழும்பு, மறுபடி அழற்சி, மறுபடி தழும்பு என்று போய் சிரோசிஸ் வந்து, அதன் மேல் புற்று வரும்.

பி வீட்டுப் பத்திரத்தையே திருத்துகிற பங்காளி. சி தினம் கூரை மேல் கல்லெறிகிற பங்காளி.

கே: சரக்கு வயித்துக்குத்தானே போகுது? ஈரல் ஏன் கெடணும்?
– லாரி ஓட்டுநர், நாமக்கல்

வயிறும் குடலும் உறிஞ்சுகிற சரக்கு ரத்தத்தோடு முதலில் போய் நிற்கிற செக்போஸ்ட் ஈரல்தான். அங்கே எத்தனாலை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறார்கள். அது எத்தனாலைவிடப் பெரிய விஷம், செல்லின் டி.என்.ஏ.வை உடைக்கும். பிறகுதான் அது தீங்கில்லாத அசிட்டேட் ஆகிறது. நடுவில் உள்ள அந்த நேரம்தான் ஈரலுக்குக் கெட்ட நேரம்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே மதுபானத்தை முதல் வகுப்பில் வைத்துவிட்டது. ‘மனிதருக்குப் புற்று தரும் என்பது உறுதி’ என்கிற வகுப்பு. புகையிலையும் அங்கேதான் இருக்கிறது. நம் ஊர் பாட்டிலில் ‘கேடு’ என்று அச்சடித்திருக்கிறார்கள். என்ன கேடு என்று நான் சொல்கிறேன்: புற்றுநோய்.

கே: குவார்ட்டர் சின்ன பாட்டில்தானே அண்ணே? அதுக்குப் போய் இவ்வளவு பயமுறுத்தறீங்க?
– வாசகர், பெரம்பூர்

பாட்டில் சின்னது, கணக்கு பெரியது. 180 மில்லியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையாக மாற்றினால் ஏறக்குறைய 61 கிராம் சுத்தமான எத்தனால்.

இப்போது இத்தாலிக்கு வாருங்கள். பிரெஷியா என்ற ஊரின் ஈரல் புற்று நோயாளிகளை, நோயில்லாதவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2002-இல் வந்தது. தினசரி 60 கிராமைத் தாண்டியதும் ஆபத்து நேர்கோடாக மேலே ஏறியது. அந்த அளவு குடிப்பவர் ரத்தத்தில் பி அல்லது சி வைரஸும் இருந்தால், அந்த ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பு.

பிரெஷியா எங்கே, பெரம்பூர் எங்கே? 60 கிராம் கோடு மட்டும் சரியாக உங்கள் குவார்ட்டர் மூடி மேல் விழுகிறது.

கே: அப்ப கட்டிங்னா பரவாயில்லையா?
– அவருடைய நண்பர், அதே பெரம்பூர்

பாதி பாட்டிலுக்குப் பாதி கேடு. கேடு பூஜ்யம் ஆகாது. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டது: உடம்புக்குப் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை. உங்கள் இரண்டு பேருக்கும் பாட்டிலைப் பங்கு போடத் தெரிகிறது. ஆளுக்கொரு ரத்தப் பரிசோதனையும் சேர்ந்தே போய்ப் பண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு பேரில் யாருக்காவது வைரஸ் இருந்தால், அவருக்குக் கட்டிங்கும் கிடையாது.

கே: நான் பீர் மட்டும்தான்.
– வாசகர், ஓசூர்

650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்றால் எத்தனால் 41 கிராம். இரண்டு பாட்டில் அடித்தால் குவார்ட்டரைத் தாண்டிவிட்டீர்கள். ஈரலுக்கு நிறம் தெரியாது, நுரை தெரியாது. கிராம் மட்டும் தெரியும்.

கே: பனங்கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி, இயற்கையானது எண்டு எங்கட பக்கம் சொல்லுவினம். அது ஈரலை ஒண்டும் செய்யாதுதானே?
– வாசகர், சாவகச்சேரி

பனையில் இறக்கும்போது இனிப்பு, புளித்தபின் எத்தனால். பிராந்தியில் இருப்பதும் அதே எத்தனால். இயற்கை என்பது நற்சான்றிதழ் ஆகாது. பூசணம்கூட இயற்கைதான், அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

கே: பூசணம் பிடிச்ச கடலையால ஈரல் புற்று வருமா? எங்க ஊரே கடலையை நம்பித்தான் இருக்கு.
– விவசாயி, விருத்தாசலம்

நல்ல கடலையால் வராது, நிம்மதியாகப் போடுங்கள். சரியாகக் காயாத கடலையிலும் சோளத்திலும் வளர்கிற ஒருவகைப் பூசணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைக் கக்குகிறது. வறுத்தாலும் முழுசாகப் போகாத நஞ்சு அது.

ஷாங்காயில் ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அஃப்ளடாக்சின் மட்டும் இருந்தால் ஈரல் புற்று ஆபத்து சுமார் 3 மடங்கு. பி வைரஸ் மட்டும் இருந்தால் சுமார் 7 மடங்கு. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் சுமார் 60 மடங்கு. பள்ளிக்கூடத்து வாய்ப்பாட்டில் மூவேழு இருபத்தொன்று. ஈரலின் வாய்ப்பாட்டில் அறுபது.

கடலையை நன்றாகக் காயவைத்து மூட்டை கட்டுங்கள். தின்கிறவர்கள், கசந்த கடலையை மரியாதை பார்க்காமல் துப்புங்கள்.

கே: எங்க தாத்தா தினம் குடிச்சார். தொண்ணூறு வயசு வரை இருந்தார்!
– வாசகர், உசிலம்பட்டி

மொடாக்குடியர் நூறு பேரை எடுத்தால் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்கு ஈரலில் கொழுப்பு படியும். பத்து முதல் இருபது பேருக்கு சிரோசிஸ் வரும். உங்கள் தாத்தா அந்த எண்பது பேர் பக்கம் நின்றவர், சந்தோஷம். அவரோடு உட்கார்ந்து குடித்து ஐம்பதில் போனவர்களுக்கு, கதை சொல்லப் பேரன் பார்க்கும் வயசு வரவில்லை.

கே: ஈரலை வெட்டினாலும் வளருமாமே. அப்புறம் என்ன கவலை?
– கல்லூரி மாணவர், கோவை

வளரும். மகனுக்குப் பாதி ஈரல் கொடுத்த அம்மாவுக்குச் சில மாதங்களில் மீதி வளர்ந்துவிடுகிறது. வேறெந்த உள்ளுறுப்புக்கும் இந்த வித்தை இவ்வளவு வராது. கொழுப்பு மட்டும் படிந்த நிலையில் குடியை விட்டால் சில வாரங்களிலேயே ஈரல் தெளியத் தொடங்கும். ஆனால் தழும்பு ஏறி முடிச்சு முடிச்சாகிவிட்ட சிரோசிஸ் ஈரலால் அந்த வித்தையை ஒழுங்காகக் காட்ட முடியாது. வளர முயன்று முயன்று செல்கள் பிரியும்போதுதான் மரபணுப் பிழைகள் சேர்கின்றன; அந்தப் பிழைகள் குவிந்துதான் புற்றாகிறது.

வரத்தை ஓயாமல் சோதித்தால் வரமே வினை.

கே: எனக்கு வலியே இல்லையே?
– வாசகர், ராணிப்பேட்டை

ஈரலின் உள்ளே வலி உணரும் நரம்பு கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் உறைக்குத்தான் உண்டு. கட்டி வளர்ந்து உறையை இழுத்த பிறகுதான் உங்களுக்கு வலிக்கும். ‘வலிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்பது நீங்களாகப் போட்ட ஒப்பந்தம். ஈரல் அதில் கையெழுத்துப் போடவில்லை.

கே: மாஸ்டர் செக்கப் பண்ணேன். ஈரல் டெஸ்ட் எல்லாம் நார்மல். எனக்கு வைரஸ் இல்லைன்னு எடுத்துக்கலாமா?
– வங்கி அலுவலர், சேலம்

எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈரல் செயல்பாட்டுப் பரிசோதனை நார்மலாக இருக்கும்போதே பி-யும் சி-யும் உள்ளே இருக்கலாம். இரண்டுக்கும் தனித்தனி ரத்தப் பரிசோதனை உண்டு. பி-க்கு ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி., சி-க்கு ஆன்ட்டி ஹெச்.சி.வி. பேர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

2022 நிலவரப்படி இந்தியாவில் பி உள்ளவர்கள் சுமார் 2 கோடியே 98 லட்சம் பேர். சி உள்ளவர்கள் சுமார் 55 லட்சம் பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பெரும்பாலோருக்குத் தங்களிடம் இருப்பதே தெரியாது. தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 முதல் நடக்கிறது. திட்டத்தில் சேர்ந்த அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். வங்கிக்காரர்களே, இதைவிட நல்ல வட்டிக்கு ஒரு டெபாசிட் உங்களிடமும் இல்லை.

கே: அந்த ஜூலை 28-க்கு என்ன விசேஷம்?
– ஆசிரியை, பட்டுக்கோட்டை

பாரூக் பிளம்பெர்க் பிறந்த நாள். உலக ஹெபடைட்டிஸ் தினமும் அதுவே.

சுவாரஸ்யமான மனிதர். அவர் ஈரல் வைரஸைத் தேடவே இல்லை. ஊருக்கு ஊர், இனத்துக்கு இனம் ரத்தப் புரதங்கள் எப்படி மாறுகின்றன என்று தேடிக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் வினோதமான புரதம் ஒன்று சிக்கியது. 1965-இல் ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜன்’ என்று பெயர் வைத்து வெளியிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, அது பி வைரஸின் மேற்சட்டை என்று. அதை வைத்தே தடுப்பூசிக்கும் வழி கண்டார். 1976-இல் நோபல் பரிசு. அந்தப் புரதத்தை அவரோடு சேர்ந்து கண்டெடுத்த ஹார்வி ஆல்டருக்கு சி வைரஸ் ஆய்வுக்காக 2020-இல் நோபல். இருவரில் இரண்டாமவருக்குப் பரிசு வர 44 வருடம் பிடித்தது. பொறுமைக்கும் சேர்த்துக் கொடுத்ததாக நினைக்கிறேன்.

கே: தினம் கீழாநெல்லி அரைச்சுக் குடிக்கிறேன். பி போயிடும் இல்லையா?
– வாசகர், வத்தலக்குண்டு

இதற்கு ஒரு சென்னைக் கதை இருக்கிறது, உட்காருங்கள்.

எஸ்.பி. தியாகராஜன் என்ற நுண்ணுயிரியல் அறிஞர், பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனவர். அவருடைய குழு, மேலே சொன்ன அதே பிளம்பெர்க்கோடு சேர்ந்து, பி வைரஸ் தங்கிவிட்டவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்தது. 37 பேரில் 22 பேர் ரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் மறைந்தது. 1988-இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. நம் வரப்போரச் செடியை உலகமே திரும்பிப் பார்த்தது.

பிறகு தாய்லாந்து முதலிய இடங்களில் சோதித்தார்கள். அந்தப் பலன் மீண்டும் கிடைக்கவில்லை. பாட்டி வைத்தியத்தை மேடையில் புகழ்வதோடு விடாமல் முறைப்படி சோதனைக்கு உட்படுத்திய சென்னைக்காரர்களை நான் மனதார மதிக்கிறேன். அதே மதிப்பில், பின்னால் வந்த முடிவையும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஏ, இ வைரஸ் காமாலை தானாகவே போகும். பெயரைக் கீழாநெல்லி தட்டிச்செல்லும். உங்களுடையது பி. அதற்கு டெனோஃபோவிர் என்ற மாத்திரை இருக்கிறது. வைரஸைத் துரத்தாது, அடக்கிவைக்கும். புற்று ஆபத்தைக் குறைக்கும். யாருக்கு எப்போது தொடங்குவது என்பதை டாக்டர் சொல்வார். கண்ணின் மஞ்சள் போனதா என்று கண்ணாடியைக் கேட்கலாம். பி போனதா என்று ரத்தத்தைத்தான் கேட்கவேண்டும்.

கே: காமாலைக்குச் சூடு போடலாமா?
– வாசகி, கல்வராயன்மலை

கூடாது. ஏற்கெனவே ஒரு நோய், மேலே ஒரு புண்.

கே: வீட்டில் ஒருத்தருக்கு பி. தட்டு, டம்ளர் தனியா வைக்கணுமா?
– குடும்பத் தலைவி, விருதுநகர்

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். ஒரே பந்தியில் உட்காரலாம், ஒரே சொம்பில் தண்ணீர் குடிக்கலாம், கட்டிப்பிடிக்கலாம், பேரன் மடியில் உட்காரலாம். தனியாக வைக்க வேண்டியவை ரேசர், நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ். வீட்டில் மற்ற அனைவருக்கும் பரிசோதனை, பிறகு தடுப்பூசி. ஒதுக்க வேண்டியது பிளேடை, ஆளை இல்லை.

கே: சலூன் வெச்சிருக்கேன். ஒவ்வொருத்தருக்கும் புது பிளேடுதான் போடறேன். போதுமா?
– வாசகர், மதுரை

உங்களைப் போல ஊருக்கு நாலு பேர் வேண்டும். பி வைரஸ் உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்திலும் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கக்கூடியது. எனவே பிளேடோடு இன்னொன்றும் கவனியுங்கள்: அந்தப் படிகாரக் கல். வெட்டுப்பட்ட ஒரு தாடையிலிருந்து அடுத்த தாடைக்கு அதைக் கொண்டு போகாதீர்கள். பச்சை குத்துகிறவர்களும், திருவிழாவில் காது குத்துகிறவர்களும் இந்தப் பதிலைப் படித்துவிட்டு ஊசியை மாற்றட்டும்.

கே: ஊசி போட்டால்தான் காய்ச்சல் விடும் என்று அம்மா நம்புகிறார். மாத்திரை கொடுக்கிற டாக்டர் டாக்டரே இல்லையாம்!
– வாசகி, திருவாரூர்

அம்மாவுக்கு எகிப்தைச் சொல்லுங்கள்.

நைல் நதிக்கரையில் நத்தை வழி பரவும் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோய். அதை ஒழிக்க 1950-களிலிருந்து 1980-கள் வரை ஊர் ஊராகப் போய் ஊசி போட்டார்கள். நல்ல எண்ணம், அரசின் முழு முயற்சி. ஆனால் கண்ணாடி சிரிஞ்சைச் சரியாகக் கொதிக்க வைக்காமல் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கொண்டு போனார்கள். ஒட்டுண்ணி போன வழியில் சி வைரஸ் உள்ளே போனது. உலகத்திலேயே சி மிக அதிகமுள்ள நாடாக எகிப்து ஆனது. ஈரல் புற்று அங்கே ஆண்களிடம் முதன்மையான புற்றுகளில் ஒன்றாயிற்று.

அவர்கள் அதை மூடி மறைக்காமல் நிமிர்ந்து நின்றதுதான் கதையின் மறுபாதி. 2018 அக்டோபரில் தொடங்கி கோடிக்கணக்கானவர்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள். சொந்த நாட்டிலேயே மருந்து செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். 2023-இல் சி-யை ஒழிக்கும் பாதையில் ‘தங்க நிலை’ எட்டிய முதல் நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

நம் குஜராத்தின் மோடாசாவிலும் 2009-இல் பழைய சிரிஞ்சால் பி பரவி உயிர்கள் போயின. அதனால் அம்மா ஊசிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், உறை கண்ணெதிரே பிரிகிறதா என்றும் அதே அடம் பிடிக்கட்டும்.

கே: சி-க்கான மாத்திரை லட்சக்கணக்கில் விலையாமே?
– வாசகர், தூத்துக்குடி

2013 கடைசியில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர். முழு வைத்தியம் 84,000 டாலர். 2014-இல் இந்தியக் கம்பெனிகளுக்கு உரிமம் கிடைத்தது, விலை தரைக்கு வந்தது. இப்போது மேலே சொன்ன அரசுத் திட்டத்தில் காசே இல்லை. பெரும்பாலும் 12 வாரம். 95 சதவீதத்துக்கு மேல் குணம். நம்மூரில் சி-யைவிட அதை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் செலவு.

கே: பி, சி, மது – மூன்றுக்கும் தடுப்பு என்ன, தீர்வு என்ன? சுருக்கமாக.
– போட்டித் தேர்வர், தென்காசி

பி-க்குத் தடுப்பூசி உண்டு, முழுத் தீர்வு இன்னும் இல்லை. சி-க்குத் தீர்வு உண்டு, தடுப்பூசி இல்லை. மதுவுக்கு இரண்டும் ஒன்றே: மூடி.

கே: தடுப்பூசி போட்டால் புற்றுநோய் குறைந்ததற்கு அத்தாட்சி உண்டா?
– வாசகர், திருச்சி

தைவான் இருக்கிறது. 22,707 ஆண்களைப் பின்தொடர்ந்த பீஸ்லி குழுவினர், பி உள்ளவருக்கு ஈரல் புற்று ஆபத்து 200 மடங்குக்கு மேல் என்று 1981-இல் சொன்னார்கள். நாடு அரண்டது. 1984 ஜூலையில் பி உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1986 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி. 1997-இல் கணக்குப் பார்த்தால், 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் ஈரல் புற்று லட்சத்துக்கு 0.70-இலிருந்து 0.36 ஆகியிருந்தது. பாதி! புற்றுநோயைத் தடுக்கும் முதல் தடுப்பூசி என்ற பட்டம் அதற்கு உழைத்து வந்தது.

கே: பேத்தி பிறந்திருக்கிறாள். ராகு காலம் கழித்துத் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா?
– தாத்தா, ஸ்ரீவில்லிபுத்தூர்

வாழ்த்துகள்! ராகு காலம் ஒன்றரை மணி நேரம்தான், கழியட்டும். ஆனால் 24 மணி நேரம் கழியக் கூடாது.

பெரியவர்களுக்கு பி தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் தங்கிவிடுகிறது. பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் நூற்றில் தொண்ணூறு குழந்தைகளுக்கு ஆயுளுக்கும் தங்கிவிடும். முதல் ஊசி முதல் நாளில். பிறகு 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்க்கான கூட்டு ஊசிக்குள் இதுவும் வரும். 2011 டிசம்பரில் அந்தக் கூட்டு ஊசியை நாட்டிலேயே முதலில் தொடங்கிய இரண்டு மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளாவும். பேத்தி நல்ல ஊரில்தான் பிறந்திருக்கிறாள்.

கே: ஒரு காலத்தில் இந்த ஊசி பணக்காரர்களுக்குத்தான் என்பார்களே?
– ஓய்வுபெற்ற செவிலியர், வேலூர்

ஆம், நீங்களே பார்த்திருப்பீர்கள். வரபிரசாத் ரெட்டி என்ற மின்னணுப் பொறியாளர் ஹைதராபாத்தில் தொடங்கிய சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-இல் பி தடுப்பூசியை இந்தியாவிலேயே செய்து விலையை உடைத்தது. சாந்தா அவருடைய அம்மா பெயர். அம்மாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும் வைரஸுக்கு, ஒரு பிள்ளை அம்மா பெயரில் கொடுத்த பதில்.

கே: அமிதாப் பச்சனுக்கும் ஈரல் கெட்டதாமே, குடியா?
– வாசகர், ஆம்பூர்

ரத்தம். 1982-இல் ‘கூலி’ படப்பிடிப்பில் அடிபட்டபோது ஏற்றிய ரத்தத்தில் பி வந்தது. ஈரலில் 75 சதவீதம் போய்விட்டது, மிச்சம் 25-இல் இருக்கிறேன் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். 2017-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக இதைப் பேசத் தொடங்கினார். வயிற்றில் விழுந்த அடி அன்றைக்கே தெரிந்தது. ரத்தத்தில் விழுந்த அடி தெரியக் கிட்டத்தட்ட இருபது ஆண்டு ஆயிற்று.

கே: லிவர் டானிக் குடித்துவிட்டு சரக்கு அடித்தால்?
– வாசகர், ஈரோடு

இரண்டு பில்.

கே: காபி ஈரலுக்கு நல்லது என்கிறார்களே, புருடாவா?
– வாசகி, கும்பகோணம்

உண்மை. காபி குடிப்பவர்களிடம் ஈரல் புற்று குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. 2016-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் அதைப் பதிவு செய்தது. அதற்காக வைரஸ் காபியில் கரையாது. சர்க்கரையைக் குறைத்துக் குடியுங்கள். சர்க்கரை நோயும் தொப்பையும் சேர்ந்த கொழுப்பு ஈரலும் இப்போது புற்றுக்கு வழி விடுகிறது. ஊர்ப் பெயரைக் கெடுக்காமல் டபரா அளவிலேயே நிறுத்துங்கள்.

கே: என் வீட்டுக்காரருக்கு சிரோசிஸ். குடியை விட்டு ஒரு வருஷமாச்சு. இனி ஸ்கேன் எல்லாம் தேவையா?
– வாசகி, புதுக்கோட்டை

விட்ட மனிதருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஸ்கேன் தேவை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தழும்பு இருக்கும்வரை ஆபத்தும் இருக்கிறது. ஷாங்காயில் பி தொற்றோ நாள்பட்ட ஹெபடைட்டிஸோ உள்ளவர்கள் 18,816 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். அந்தப் பாதியில் ஈரல் புற்று மரணம் 37 சதவீதம் குறைந்தது.

ஒற்றைக் கட்டி, 5 சென்டிமீட்டருக்குள், ரத்தக்குழாய்க்குள் நுழையாமல் இருந்தால் மாற்று ஈரலுக்கே தகுதி உண்டு. மிலான் நகரத்து மருத்துவர்கள் 1996-இல் வகுத்த அளவு அது. நோய் முந்துவதற்குள் ஸ்கேன் முந்த வேண்டும். காலண்டரில் இன்றே வட்டம் போடுங்கள்.

கே: நிறுத்தணும்னு நெனச்சேன். ஒரே நாள்ல விட்டா கை நடுங்குது, தூக்கமில்லை, ஏதேதோ தெரியுது.
– பெயர் வேண்டாம், சென்னை

இதில் விளையாட்டே இல்லை. இன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், கூட ஒருவரை அழைத்துப் போங்கள். நெடுநாள் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் பிரமையும் வரலாம், உயிருக்கே ஆபத்து. அதை அடக்க மருந்து இருக்கிறது. நடுக்கம் உங்கள் பலவீனத்துக்கு அடையாளம் இல்லை. போனதும் ரத்தத்தில் பி, சி இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

கே: அக்காவுக்கு வரன் அமைஞ்சிருக்கு. ரத்தம் பார்த்ததில் அவளுக்கு பி இருக்குன்னு வந்துடுச்சு. அம்மா அழுறாங்க. கல்யாணம் நடக்குமா?
– தம்பி, காரைக்குடி

நடக்கும். அக்கா செய்த தப்பு எதுவும் இல்லை. பெரும்பாலும் பிறக்கும்போதே வந்திருக்கும். அதனால் அழுது முடித்ததும் அம்மாவும் நீங்களும் ரத்தம் பாருங்கள்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் அக்காவே நிமிர்ந்து சொல்லட்டும். பின்னால் அவள் கருவுற்றால் வைரஸின் அளவைப் பார்த்து, கூடுதலாக இருந்தால் கடைசி மாதங்களில் மாத்திரை தருவார்கள். குழந்தைக்குப் பிறந்த சூட்டோடு தடுப்பூசியும், கூடவே இம்யூனோகுளோபுலின் ஊசியும். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் குழந்தை தப்பிக்கும்.

மாப்பிள்ளைக்குப் பரிசோதனை; வைரஸ் இல்லையென்றால் மூன்று ஊசி. ஆடியில் கல்யாணம் பேச மாட்டார்கள், ஊசி போடத் தடையில்லை. ஆடியில் ஒன்று, ஆவணியில் ஒன்று, தையில் ஒன்று. மாசியில் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை. பங்குனி உத்திரத்தில் தாலி. பத்திரிகை எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.